மூடி போட்டு அவித்த கிழங்கு

தம்பி,

கல்யாணத்துக்கு அழைக்கவேண்டியவர்களின் பட்டியலைப் போன கிழமை நீ திருப்பி அனுப்பி, "அப்பா, ஆரையும் விட்டிட்டியளோ எண்டு ஒருக்கால் வடிவாப் பாருங்கோ" என்று கேட்டிருந்தாய். நான் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காமல், ஒருவரும் விடுபடவில்லை என்று பதில் போட்டேன். அது பொய். ஒரு பெயர் விடுபட்டிருந்தது. தெரிந்தேதான் விட்டேன். அதைச் சேர்த்தால், யார் அவர், எங்களுக்கு என்ன முறை என்று நீ கேட்பாய். கேட்டால் நான் சொல்லவேண்டி வரும். சொல்லாமல் இருந்தே முப்பது வருடம் பழகிய மனம் அந்தப் பெயரைத் தானாகவே தாண்டிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு தரம் உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு தரம் இங்கே மழை பெய்யாததைப் பற்றிக் கதைத்தோம், மற்றத் தரம் உன் கோட்டின் அளவைப் பற்றி. இரண்டு தரமும் வாய் வரை வந்தது. உன் முகம் அந்தச் சின்னக் கண்ணாடியில் சிரித்துக்கொண்டிருக்கும்போது சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் படிப்பிக்கும்போதும் நீட்டித்தான் கதைப்பேன் என்று உனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்.

நான் இரசாயனவியல் படிப்பித்தவன். யுத்த காலத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் போத்தல்களெல்லாம் காலி. அமிலம் வராது, காரம் வராது. அதனால் வேலியோரங்களில் நிற்பவற்றைப் பிடுங்கிக்கொண்டு போய் மேசையில் பரப்பிவைத்துப் படிப்பித்தேன். அலரி, ஊமத்தை, எருக்கலை, குன்றிமணி, ஆமணக்கு, ஒரு கொத்துப் புகையிலை. பிள்ளைகள் எனக்கு "நஞ்சு மாஸ்டர்" என்று பட்டம் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஒரு செடியின் சாற்றைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிட்டு, கால் மரத்துப்போகும்வரை சீடர்களோடு கதைத்துக்கொண்டிருந்த கிரேக்க ஞானியைப் பற்றிச் சொல்வேன். அமேசன் காட்டு வேடர்கள் அம்பு நுனியில் பூசிய கொடியின் பசையை, பிற்காலத்தில் சத்திரசிகிச்சை செய்பவர்கள் நோயாளியின் தசைகளைத் தளர்த்த எடுத்துக்கொண்டதைச் சொல்வேன். எங்கள் செம்மண்ணில் விளைந்த புகையிலை எத்தனை கல்வீடுகளைக் கட்டியது, எத்தனை பேரின் நெஞ்சைத் தின்றது என்றும் சொல்வேன். இப்போது என் இதயத்துக்கு டாக்டர் தரும் சின்ன வெள்ளைக் குளிசைகூட ஒரு நஞ்சுச் செடியின் இலையிலிருந்து வந்ததுதான். தினமும் காலையில் அதை விழுங்கும்போது அந்த வகுப்பறை ஞாபகம் வரும்.

அந்தப் பாடத்தில் கடைசியாக மரவள்ளி வரும். அது எங்கள் செடி இல்லை. கடல் கடந்து வந்தது. அதன் சொந்த நாட்டில் காட்டுப் பெண்கள் கிழங்கைத் துருவி, ஓலைப் பையில் இட்டுப் பிழிந்து, ஊறவைத்து, பிறகுதான் சுட்டுத் தின்றார்கள். கிழங்கின் சதைக்குள் சயனைட் ஒளிந்திருக்கிறது என்று வேதியியல் கண்டுபிடிப்பதற்கு மிக முன்னரே அவர்களுடைய கைகளுக்கு அது தெரிந்திருந்தது. வெள்ளைக்காரர் அந்தச் செடியைக் கப்பலேற்றி, பஞ்சம் வந்த தேசங்களுக்கெல்லாம் கொண்டுபோய் நட்டார்கள். பிழியத் தெரிந்த பெண்கள் கப்பலேறவில்லை. இதை நான் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அதே நஞ்சைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு போன பிள்ளைகளில் சிலர், அதற்கு முன் அந்த வாங்கில் இருந்து இந்தப் பாடத்தைக் கேட்டவர்கள். இவ்வளவையும் தெரிந்தவன் நான். இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்கவேண்டும்.

உனக்குப் பத்து வயதில், கோயில் திருவிழாவில் உன் சிநேகிதன் ஒருவன் வாங்கித் தந்த மரவள்ளிப் பொரியல் பையை நான் உன் கையிலிருந்து தட்டிவிட்டு, அத்தனை சனத்துக்கு முன்னால் உன் கன்னத்தில் அறைந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ அழவில்லை. என்னை அண்ணாந்து பார்த்தபடி நின்றாய். வேதக்காரப் பிள்ளை தேவாலயத்தை விட்டுச் சைவக் கோயிலுக்கு வந்ததற்காகத்தான் அப்பா அடித்தார் என்று பல காலம் நினைத்திருந்தாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. அந்தக் காரணம் எனக்கு வசதியாக இருந்தது.

இனி அந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு நாலு வயது. குண்டுகளுக்குப் பயந்து வலிகாமத்துச் சனமெல்லாம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நானும் அம்மாவும் உன்னைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனோம். சாவகச்சேரிக்கு உள்ளே, ஒரு தோட்டக்காரர் வீட்டுப் படலையில் ஒரு பெண் நின்று, "பிள்ளையோடை நிக்கிறியள், உள்ளுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டார். அவர்தான் பரமேசுவரி, பட்டியலில் நான் விட்ட பெயர். கணவர் தியாகராசா வெங்காயமும் மிளகாயும் செய்பவர். மூத்த மகள் சுகந்திக்கு ஆறு வயது. இளையவள் வதனி கைக்குழந்தை. அவர்கள் சைவக்காரர், நாங்கள் வேதக்காரர். முன்பின் தெரியாது. வீட்டின் ஒரு பாதியை எங்களுக்கு விட்டுத் தந்தார்கள். அங்கே ஆறு மாதம் இருந்தோம். குசினி ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். நீயும் சுகந்தியும் ஒரே பாயில் படுத்தீர்கள். நான் ஆசிரியர் என்பதால் தியாகராசாவும் பரமேசுவரியும் என்னைச் "சேர்" என்றார்கள். சுகந்தி "சேர் மாமா" என்றாள். நான் சொன்னால் அந்தப் பிள்ளை தட்டமாட்டாள். பின்னேரங்களில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் தானாகவே அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள். நீ சிலேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுவாய்.

பங்குனி வெயிலில் சாப்பாட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. சனம் கூடிப்போனது. அரிசி இல்லை, மா இல்லை, சந்தையில் வந்த கிழங்கு விடியுமுன் முடிந்துவிடும். இன்னொருவர் வீட்டில் இருந்துகொண்டு அவர்களுடைய பானையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. ஒரு நாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தூரம் போனேன். ஆள் குறைந்த ஒரு பக்கத்தில், ஒரு தோட்டத்தின் எல்லையில் மரவள்ளி வரிசையாக நின்றது. உயரமான, வயதுபோன மரங்கள். தோட்டத்துக்குள் நின்ற ஒருவரிடம் கேட்டேன்.

"உதையோ? உது வேலிக்கு வைச்சது. கைப்பு மரவள்ளி. மழையும் இல்லாமல் காய்ஞ்சு கிடக்கு. உதை ஒருத்தரும் தின்னுறேல்லை" என்றார் அவர்.

"அவிச்சால் கைப்புப் போயிடும்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "பிடுங்கிறதெண்டால் பிடுங்குங்கோ. எனக்கு அது தேவையில்லை" என்று அலவாங்கை நீட்டினார்.

ஒரு உரப்பை நிறையக் கிழங்கோடு நான் திரும்பி வந்தபோது படலையில் நின்ற எல்லோருடைய முகமும் மலர்ந்தது. அந்தச் சந்தோசத்தை நான் மறக்கவில்லை. மாதக்கணக்காக வாங்கித் தின்றவன் முதல் தரம் கொண்டுவந்து கொடுத்தேன். அது கைப்பு மரவள்ளி என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகங்கள் வாடிப்போய்விடும்.

விறகும் குறைவு, நல்ல தண்ணீரும் குறைவு. பரமேசுவரி தோலை உரித்துப் பெரிய பானையில் போட்டுவிட்டு, இரண்டு தண்ணீர் மாற்ற வேண்டும் என்றார். ஒரு தண்ணீர் போதும் என்றேன். கிழங்கு கொதிக்கத் தொடங்கியபோது நான் மூடியை எடுத்துப் பானையின் மேல் போட்டேன்.

"சேர், மரவள்ளி மூடி அவிக்கிறேல்லை" என்றார் அவர்.

"உதெல்லாம் அந்தக் காலத்துக் கதை, தங்கச்சி. மூடினால் கெதியா அவியும். விறகு மிச்சம்."

 படித்த மனிதன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார். தம்பி, அந்த நஞ்சு எங்கள் ஊர் வெயிலிலேயே ஆவியாகிவிடும் தன்மை உள்ளது. திறந்த பானையில் கொதித்தால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். மூடினால் போக வழியில்லாமல் நீராவியோடு திரும்பத் தண்ணீரிலேயே விழும். வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறி இதை நான் விளங்கப்படுத்தியிருக்கிறேன். அன்று அந்த அடுப்படியில் எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஞாபகம் வந்தும் பசியில் தள்ளிவிட்டேனோ என்று பிறகு எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தோம். கிழங்கும் கட்டைச் சம்பலும். நீ ஒரு வாய் வைத்தாய், முகத்தைச் சுளித்தாய், தரையில் துப்பினாய். நான் அதட்டினேன். நீ இன்னும் பலமாகத் துப்பிவிட்டு அம்மாவின் மடிக்குப் போனாய். அம்மா எங்கோ ஒளித்து வைத்திருந்த காய்ந்த பாண் துண்டு ஒன்றை உனக்குத் தந்தார். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"சேர் மாமா, கைக்குது" என்றாள்.

"பசியிலை இருக்கிறவைக்குக் கைப்பு இனிப்புத் தெரியாது. நல்ல பிள்ளையெல்லோ, சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். கண்ணை மூடி மூடி விழுங்கினாள். கோப்பையில் ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. முடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் திருப்பிக் காட்டினாள். நான் அவளுடைய தலையைத் தடவிவிட்டேன்.

பெரியவர்கள் ஆளுக்கு ஓரிரு துண்டுதான் சாப்பிட்டோம். அம்மாவுக்கும் எனக்கும் தலை சுற்றியது, குமட்டிச் சத்தி வந்தது. வெயில் என்று நினைத்தோம். சுகந்தி வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். சத்தி எடுத்தாள். பின்னேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நான் சைக்கிளை மிதிக்க, தியாகராசா பின்னால் கரியரில் அவளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வழியெல்லாம் அவர், "அம்மாச்சி, இந்தா வந்திட்டம், இந்தா வந்திட்டம்" என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் அந்தக் குரல் நின்றுபோனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவள் போய்விட்டிருந்தாள்.

அங்கே பெருங் கூட்டம். என்ன சாப்பிட்டது என்று யாரோ கேட்டார்கள். மரவள்ளி என்றும், பிறகு தாய் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தது என்றும் தியாகராசா சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ, மரவள்ளிக்கு மேலை இஞ்சியோ! அது நஞ்செல்லோ! பெத்த தாய்க்கு இது தெரியாதோ!" என்று கத்தினாள். மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சாகும் என்று எங்கள் சனம் நம்புவது உனக்குத் தெரியும். அதற்கு ஆதாரமாக நான் படித்ததில் எதுவும் இல்லை. வகுப்பில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

தியாகராசா என் கையைப் பிடித்தார். "சேர், நீங்கள் படிச்ச ஆள். சொல்லுங்கோ. இஞ்சியாலையோ?"

நான் "ஓம்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யில்லை அது. வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்தவுடனே என் நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல் வந்தது, தம்பி. பாரம் இறங்கிய மாதிரி. அந்த ஆறுதல் வந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

தியாகராசா பரமேசுவரியை அடிக்கவில்லை, ஏசவில்லை. அன்றிலிருந்து அவருடைய கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பக்கத்து ஒழுங்கையில் இருந்த தன் தமக்கை தங்கம்மா வீட்டில் சாப்பிட்டார். ஒரே வீட்டில் இருபது வருடம் அப்படி வாழ்ந்தார். தங்கம்மா, நல்லது கெட்டது எதற்கும் பரமேசுவரியை அடுப்படிப் பக்கம் வரவிடவில்லை. ஊர் அவருக்குப் பின்னால் என்ன சொன்னது என்று நான் எழுதத் தேவையில்லை. நாங்கள் அந்த வீட்டை விட்டு வந்த நாளில் பரமேசுவரி உன்னை அணைத்து முத்தமிட்டார். நான் சைக்கிளில் சாமான் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டு நின்றேன்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். மூடியை நான் போட்டதை அவர் கண்ணால் கண்டவர். அது கைப்பு மரவள்ளி என்பதைப் பிறகு நானே சொன்னேன். "போய்ச் சொல்லுங்கோ" என்றார். ஒவ்வொரு வருடமும் பங்குனி வந்தால், "சொல்லீட்டியளோ?" என்று கேட்பார். போக்குவரத்து இல்லை என்பேன். பாதை திறக்கட்டும் என்பேன். பாதை திறந்த பிறகு, ஆறிய புண்ணை ஏன் கீறவேண்டும் என்பேன். தியாகராசா இறந்தபோது இரண்டு பேரும் போனோம். பிரேதத்துக்குப் பக்கத்தில் பரமேசுவரியைக் காணவில்லை. வளவின் மூலையில் மாமரத்தடியில் தனியே இருந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்று, கைகூப்பிவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் பக்கத்தில் இருந்த ஆசனத்தை விட்டு எழும்பி, முன்னால் போய் வேறொருவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அம்மா என்னோடு கோபித்தது அந்த ஒரு தரம்தான். சாவதற்கு முன், கடைசி வருத்தத்தில் படுத்திருந்தபோதும் கேட்டார். அப்போதும் நான் சொல்லியிருக்கவில்லை.

போன மாதம் கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தார். கதைத்துக்கொண்டு போக, அவர் பரமேசுவரியின் அயல் என்று தெரிந்தது. எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இருக்கிறா. ஆனால் பேரப்பிள்ளையளுக்குக்கூடத் தன்ரை கையாலை ஒண்டும் குடுக்கமாட்டா, சேர். அதுகள் அம்மம்மா எண்டு ஓடிவந்து மடியிலை ஏறும். ஒரு பிஸ்கற் குடுக்கிறதெண்டாலும் மகளின்ரை கையிலை குடுத்துத்தான் குடுப்பா" என்றார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போகவில்லை. அப்படியே எழும்பி வெளியே வந்து சாவகச்சேரி பஸ்ஸில் ஏறினேன்.

பரமேசுவரி முற்றத்தில் சாக்கு விரித்து, பயற்றங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கோ சேர்" என்று கதிரை எடுத்துப்போட்டார். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நான் கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னேன். கிழங்கு தந்தவர் அது கைப்பு மரவள்ளி என்று சொன்னதை, ஒரு தண்ணீரோடு நிறுத்தச் சொன்னதை, மூடியை, ஆஸ்பத்திரியில் சொன்ன ஓமை. அவருடைய விரல்கள் பயற்றங்காயை முறித்துக்கொண்டே இருந்தன. நான் முடித்த பிறகும் நிறுத்தவில்லை. முறித்தபடியே கேட்டார்.

"சாப்பிடேக்கை அவள் ஏதும் சொன்னவளோ?"

அதை நான் விட்டுவிட்டிருந்தேன். தாயிடம் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனாலும் அவர் நேரே பார்த்தார். "கைக்குது எண்டவள். நான்தான் சாப்பிடு எண்டனான்" என்றேன்.

அப்போதுதான் அவருடைய கை நின்றது.

"எனக்கும் சொன்னவள்" என்றார். "குசினிக்குள்ளை வந்து, வாய் கைக்குது அம்மா, போகுதில்லை எண்டவள். அந்தக் கைப்புப் போகட்டும் எண்டுதான் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைச்சனான். வீட்டிலை ஒரு கரண்டிச் சீனிதான் இருந்தது. முழுக்க அதுக்குள்ளை போட்டனான்."

தம்பி, இவ்வளவு காலம் நான் செய்த பிழையின் அளவு எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. அந்தத் தேத்தண்ணியை அவர் கையால் வைக்கவைத்ததும் நான்தான்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி மறித்தார். சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டு எழும்பினார். "வாங்கோ" என்று முன்னால் நடந்தார். அடுத்த வளவில் வதனியின் வீடு. அன்றைய கைக்குழந்தைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பரமேசுவரி மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, "எனக்குச் சொன்னதை இவளுக்குச் சொல்லுங்கோ, சேர்" என்றார். சொன்னேன். வதனி கேட்டுக்கொண்டே இருந்து கடைசியில், "அப்பா ஏன் எங்கடை வீட்டிலை சாப்பிடுறேல்லை எண்டு சின்னனிலை நான் கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறன்" என்று மட்டும் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. தாயிடம் சொன்னாள்.

அடுத்தது ஒழுங்கை முகப்பில் இருந்த கடை. நாலைந்து பேர் நின்றார்கள். அங்கேயும், "சொல்லுங்கோ" என்றார். நான் சொல்லி முடிக்க, கடைக்காரர், "இப்ப ஏன் சேர் பழசைக் கிளறுறியள்?" என்றார். "அவர் கிளறேல்லை. நான்தான் கிளறுறன்" என்றார் பரமேசுவரி. அங்கிருந்து தங்கம்மா வீடு. தங்கம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கேட்காது. நான் சொன்னது ஒன்றும் விளங்காமல், "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "பலத்துச் சொல்லுங்கோ, சேர்" என்றார் பரமேசுவரி. அதனால் நான் கத்தினேன்.

"இஞ்சியாலை இல்லை! நான் கொண்டந்த கிழங்காலை! பரமேஸ் மூட வேண்டாம் எண்டவ. நான்தான் மூடினனான்! தியாகராசா கேக்க நான் பொய் சொன்னனான்!"

எழுபத்திரண்டு வயதில், அந்த முற்றத்தில், வகுப்பில் ஒருநாளும் கத்தாத குரலில் கத்தினேன். வேலிக்கு மேலால் சனம் எட்டிப் பார்த்தது. தங்கம்மா பரமேசுவரியின் பக்கம் திரும்பினார். "அப்ப ஏனடி நீ இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை?"

"எனக்கும் நான்தான் எண்டுதானே நினைப்பு, மச்சாள்" என்றார் பரமேசுவரி.

தங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். "என்ரை தம்பி இது தெரியாமலெல்லோ செத்துப்போனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பரமேசுவரி அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். தொடவில்லை. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தார்.

இதை எழுதும்போது உனக்குப் புத்தி சொல்லவேண்டும் என்று ஆசை வருகிறது. கல்யாணம் செய்யப்போகும் மகனுக்குத் தகப்பன் வேறென்ன எழுதுவான்? ஆனால் எனக்கு அந்தத் தகுதி இல்லை. இரண்டே இரண்டு விசயம் சொல்கிறேன். உன் வீட்டில் யாராவது, மனைவியோ பிள்ளையோ, ஒன்று கைக்கிறது என்று சொன்னால், உன் நாக்கில் அது இனித்தாலும் அவர்களை நம்பு. நீ அன்றைக்குத் துப்பியதால்தான் இன்றைக்கு இருக்கிறாய். சொல் கேளாத பிள்ளை என்று உன்னை எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்! மற்றது, படித்தவன் என்று உன்னை நம்பி ஒருவர் உன் கையைப் பிடித்துக் கேட்கும்போது, உனக்கு எது வசதி என்று பார்க்காமல் பதில் சொல்.

பஸ் தரிப்பில் பரமேசுவரி என்னோடு நின்றார். தூரத்தில் பஸ் தெரிந்தபோது கேட்டார். "உங்கடை மகனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவன் கனடாவிலை."

"அவனும் அவளோடை ஒரு பாயிலை படுத்தவன். எழுதுங்கோ. அவள் சொன்னதையும் எழுதுங்கோ, ஒண்டும் விடாமல்."

நான் மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்போதும் கேட்காமல் போக என்னால் முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து, "எனக்கு அது தெரியாது, சேர். அவர் இருந்திருந்தால் அவரைக் கேட்டிருக்கலாம்" என்றார். கையை நீட்டி பஸ்ஸை மறித்தார். நான் ஏறி இருந்து யன்னலால் பார்த்தபோது, அவர் திரும்பி நடந்துகொண்டிருந்தார். வேகமாக நடந்தார். வதனியின் சின்னவள் ஒழுங்கையால் அவருக்கு எதிரே ஓடி வந்துகொண்டிருந்தாள். பஸ் எடுத்துவிட்டது. அதற்கு மேல் நான் காணவில்லை.

நான்கு இடத்தில் சொன்னேன். ஐந்தாவதாக உனக்குச் சொல்கிறேன். வாசித்து முடித்த பிறகு என்னோடு கதைக்க மனம் வராவிட்டால் கதைக்காதே. எவ்வளவு காலமானாலும் நான் பொறுத்திருப்பேன். என்னைக் கேட்காமலே ஒருவர் முப்பது வருடம் பொறுத்திருந்தார்.

அப்பா